கோலா சோடா கான்சன்ட்ரேட்: குறை பாட்டிலிலா, என் கலவையிலா?

பஞ்சுச்சுருள்

எல்லோருக்கும் வணக்கம். பதினோரு வருடம் சிகரெட் பிடித்து, அதை விட்டு வேப்புக்கு (மின் சிகரெட்டுக்கு) வந்து இரண்டு வருடம் ஆகிறது. பழச்சுவைகளை நானே வீட்டில் கலந்து பழகிவிட்டேன். மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. கோலா மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

30 மி.லி. "கோலா சோடா" கான்சன்ட்ரேட் (வேப் திரவத்தில் கலக்கிற கெட்டிச் சுவைச்சாரம்) ஒன்று வாங்கினேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் அப்படியே குளிர்ந்த கோலா டின்னைத் திறந்த மாதிரி வாசம். அந்த நம்பிக்கையில் 10 சதவீதம் ஊற்றி 30 மி.லி. கலந்தேன். முதல் நாள் இழுத்தால் இருமல் மருந்து. ஐந்தாம் நாள் எலுமிச்சை வாசம் போட்ட தரை துடைக்கும் திரவம். மூன்று வாரம் கழித்து எடுத்தால் எலுமிச்சையும் இல்லை, ஒன்றும் இல்லை. கேஸ் போன சோடாவை மறுநாள் குடித்த மாதிரி வெறும் தித்திப்பு.

இன்னொன்று. இந்தத் திரவத்தை ஊற்றிய பிளாஸ்டிக் டேங்கில் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல் ஓடியிருக்கிறது. வேறு எந்தத் திரவத்திலும் இப்படி ஆனதில்லை.

ஒரு கான்சன்ட்ரேட் நல்லதா, கெட்டதா என்று முறையாகச் சோதிப்பது எப்படி? தூக்கிப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள ஆசை.

இரவுக்காவல்

முதலில் அந்த டேங்கைத் தூக்கிப் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். விரிசல் வழியாகக் கசிந்து பேட்டரி பக்கம் இறங்கினால் வேறு வினை.

டேங்க் விரிந்ததை வைத்து கான்சன்ட்ரேட் மட்டம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். கோலா என்றாலே எலுமிச்சைத் தோலும் பட்டையும் உள்ளே இருக்கும். தோலில் உள்ள லிமோனின், பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு இரண்டுமே பாலிகார்பனேட், அக்ரிலிக் டேங்குகளைத் தின்றுவிடும். கோலாவுக்குக் கண்ணாடி டேங்கோ எஃகு டேங்கோதான் சரி. அதுவும் 10 சதவீதம் என்றால் கேட்கவே வேண்டாம்.

தராசுமுள்

பஞ்சுச்சுருள், நீங்கள் எழுதிய மூன்று வரியிலேயே பாதி விடை இருக்கிறது. முதல் நாள் மருந்து, ஐந்தாம் நாள் எலுமிச்சை, மூன்றாம் வாரம் வெறும் தித்திப்பு. ஒரே பாட்டில் மூன்று விதமாகப் பேசியிருக்கிறது. நீங்கள் அதை ஒரே அளவில் மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் நாலைந்து வருடமாக சோடா சுவைகளோடு மல்லுக்கட்டுகிறேன். ஒன்றைப் புரிந்துகொள்ளவே எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. நாம் குடிக்கிற கோலாவில் "கோலா சுவை" என்பது மிகச் சிறிய பங்கு. 330 மி.லி. டின்னில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்து பி.எச். 2.5 பக்கத்தில் நிற்கிறது. அதற்கு மேல் ஐஸ் குளிர்ச்சி, அதற்கு மேல் கேஸ். இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் பட்டை, ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல், ஆரஞ்சு, கொத்தமல்லி விதை, வெண்ணிலாக் கூட்டத்தை அடக்கி வைத்திருக்கின்றன. வேப்பில் சர்க்கரை கிடையாது, அமிலம் கிடையாது, குளிர் கிடையாது, கேஸ் கிடையாது. மசாலா மட்டும் தனியாக நிற்கிறது. தனியாக நிற்கும் மசாலாவை 10 சதவீதம் போட்டால் மருந்துக் கஷாயம்தான் வரும்.

அதனால் இதைப் பானமாக நினைத்துச் சோதிக்காதீர்கள், மசாலாவாக நினைத்துச் சோதியுங்கள். மாம்பழத்துக்குப் போடுகிற அளவு இதற்கு ஆகாது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது? சுவை எதில் கரைத்திருக்கிறது? சோதனை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

புதுவரவு

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். என்னிடம் வீட்டில் சோடா போடும் மெஷினுக்கான கோலா சிரப் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு ஒரு மூடி ஊற்றினாலே போதும் என்கிற அளவுக்குக் கெட்டி. அதிலிருந்து இரண்டு மூன்று சொட்டு மட்டும் வேப் திரவத்தில் விட்டால் என்ன? இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லையே?

கண்ணாடிக்குடுவை

வேண்டாம் நண்பரே. ஒரு சொட்டும் வேண்டாம். நான் உணவுச் சுவையூட்டிகள் தயாரிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தச் சிரப்பில் பெரும்பகுதி சர்க்கரை. வேப்பில் திரவத்தை ஆவியாக்குகிற கம்பிச்சுருளான காயிலின் சூட்டில் சர்க்கரை கருகும். கருகும்போது ஃபார்மால்டிஹைடு, ஃபியூரான் வகைச் சேர்மங்கள் எல்லாம் வரும். "சுகர் ஃப்ரீ" சிரப் என்றால் சுக்ரலோஸோ அஸ்பார்டேமோ இருக்கும். சுக்ரலோஸ் குளோரின் உள்ள மூலக்கூறு. சூட்டில் உடைந்தால் குளோரின் சேர்ந்த வேண்டாத பொருட்களைத் தரும். இவை போக பாஸ்பாரிக் அமிலம், கேரமல் நிறமி, பதப்படுத்தி.

எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது எண்ணெய்க்குத்தான். சிட்ரஸ் எண்ணெய் தண்ணீரில் கரையாது. அதனால் சோடா சிரப்புகளில் பிசின் போட்டு எண்ணெயை நுண்துளிகளாக மிதக்க விடுவார்கள். கருவேலப் பிசின், மரப்பிசின் எஸ்டர் என்று வகைகள் உண்டு. புரோமின் ஏற்றிய தாவர எண்ணெயும் ஒரு காலத்தில் பயன்பட்டது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2024-இல் அதற்கான அனுமதியை ரத்து செய்துவிட்டது. எண்ணெயை வயிறு செரித்துவிடும். நுரையீரலால் அது முடியாது. எண்ணெய் உள்ளே போய்த் தங்கினால் லிபாய்டு நிமோனியா வரலாம்.

"சாப்பிடலாம் என்று அனுமதி இருக்கிறதே" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அந்த அனுமதி சாப்பிடுவதற்கு மட்டும்தான். அமெரிக்காவில் சுவையூட்டிகளுக்குத் தருகிற "பொதுவாகப் பாதுகாப்பானது" என்ற தகுதி, சுவாசிப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. இதற்குக் கண்முன்னே நடந்த உதாரணம் டயசெட்டில். வெண்ணெய் வாசனை தரும் பொருள், சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. 2000-ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரலின் சின்னச் சின்னக் குழாய்கள் தழும்பேறி அடைத்துப்போனது தெரியவந்தது. ஆவியாகச் சுவாசித்ததுதான் வினை. அந்த நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2016-இல் டயசெட்டிலுக்குப் பரிந்துரைத்த வரம்பு, காற்றில் நூறு கோடியில் வெறும் 5 பங்கு.

2019-ஐயும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் ஈவாலி என்ற நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் மட்டும் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த வேப்களில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்டோடு அது பலமாகத் தொடர்புபட்டிருந்தது. சருமக் கிரீமில் போடுகிற, மாத்திரையாக விழுங்குகிற எண்ணெய்ப் பொருள் அது.

சிரப் சோடாவுக்கு. தயவுசெய்து அங்கேயே இருக்கட்டும்.

நெறியாளர்

மேலே உள்ள பதிவைப் புதிதாக வருகிற எல்லோரும் படியுங்கள். இந்த இழை வயது வந்தவர்களுக்கு, அதிலும் சிகரெட்டை விட்டவர்களுக்கு. புகைக்கும் பழக்கமே இல்லாதவர் இதைத் தொடங்க வேண்டாம். வேப்பைத் தடை செய்த நாடுகளும் இருக்கின்றன, உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுவரவு

நன்றி கண்ணாடிக்குடுவை ஐயா. சிரப்பைத் தொடவில்லை. ஆனால் நண்பர் ஒருவர் கொடுத்த இன்னொரு சின்ன பாட்டிலும் இருக்கிறது. "கோலா ஃபிளேவர்" என்று மட்டும் எழுதியிருக்கிறது, வேறு எதுவும் இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், பால் மாதிரி கலங்கியது. அப்படியென்றால் எண்ணெய்தானே?

தராசுமுள்

அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பி.ஜி.யில் (புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானில்) நன்றாகக் கரைந்திருக்கிற சிட்ரஸ் சாரமும் தண்ணீரில் விட்டால் கலங்கும். பி.ஜி. அதைப் பிடித்து வைத்திருக்கும், தண்ணீர் வந்ததும் பிடி விட்டுப் போகும், சாரம் நுண்துளியாகச் சிதறும். முறையாகத் தயாரித்த வேப் கான்சன்ட்ரேட்டிலேயே இதை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரை விடுங்கள், எடை போட்டுப் பாருங்கள். ஒரு சிரிஞ்சில் சரியாக 1 மி.லி. எடுத்து 0.01 கிராம் காட்டும் தராசில் வையுங்கள். பி.ஜி. 1 மி.லி.க்கு 1.04 கிராம் இருக்கும். பி.ஜி. அடிப்படைக் கான்சன்ட்ரேட் பெரும்பாலும் இதை ஒட்டியே வரும். சாராயம் கலந்திருந்தால் இன்னும் குறையும். எண்ணெய் என்றால் பெரும்பாலும் 1-க்குக் கீழே போகும். கெட்டியான சர்க்கரைப் பாகு 1.3 பக்கம் காட்டும். எனக்கு ஒருமுறை "வேப்புக்கு ஏற்றது" என்று சொல்லி வந்த ஆரஞ்சு சோடா பாட்டில் 1.29 காட்டியது. தராசில் கோளாறு என்று நினைத்து மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் அதேதான். எஃகுக் கரண்டியில் இரண்டு சொட்டு விட்டு மெல்லச் சூடாக்கினேன். ஓரத்தில் பொன்னிறமாகி, நடுவில் கறுத்து, பாகு பதத்தில் கரண்டியோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அது காயிலில் போயிருக்க வேண்டியது!

கண்ணாடிக்குடுவை

நல்ல சோதனை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சோதனை எதுவானாலும் ஒரு பாட்டிலை நிராகரிக்க மட்டுமே உதவும். ஏற்றுக்கொள்ள உதவாது. எடை 1.04 காட்டினாலும் உள்ளே டயசெட்டில் இருக்கலாம், சுக்ரலோஸ் இருக்கலாம். தராசு அதைச் சொல்லாது. எண்ணெயும் சாராயமும் கலந்து எடை ஏமாற்றவும் வாய்ப்பு உண்டு.

புதுவரவு, பெயர் மட்டும் எழுதிய பாட்டிலை எடை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். என்ன இருக்கிறதென்று தெரியாததைச் சுவாசிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பஞ்சுச்சுருள்

நான் லேபிளைப் பார்த்துவிட்டு வந்தேன், தயாரிப்பாளரிடம் கேட்டுப் பாதுகாப்புத் தரவுத் தாளையும் வாங்கினேன். கரைப்பான் பி.ஜி., கொஞ்சம் எத்தில் ஆல்கஹால். சர்க்கரை, நிறமி, எண்ணெய் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். டயசெட்டில், அதே வகை வெண்ணெய் வாசனைப் பொருட்களான அசிட்டாயின், 2,3-பென்டேன்டையோன் மூன்றுக்கும் சோதனை அறிக்கை அனுப்பினார்கள், மூன்றுமே "கண்டறியப்படவில்லை". 1 மி.லி. எடை 1.02 வந்தது.

தரவுத் தாளில் லிமோனின், சிட்ரால், சின்னமால்டிஹைடு, யூஜெனால் என்று நாலு பெயர் இருந்தன. டேங்க் ஏன் விரிந்தது என்று இப்போது புரிகிறது. யூஜெனால் என்ன?

கண்ணாடிக்குடுவை

கிராம்பு. பட்டையிலும் ஜாதிக்காயிலும் கொஞ்சம் உண்டு. உங்களுக்கு இருமல் மருந்து வாசம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பல்வலிக்கு வைக்கிற கிராம்புத் தைலத்தின் நெடியே அதுதான்.

அசிட்டாயினையும் கேட்டு வாங்கியது நல்லது. பலர் டயசெட்டிலோடு நிறுத்திவிடுகிறார்கள். அசிட்டாயின் நாளடைவில் டயசெட்டிலாக மாறக்கூடியது. கிரீம் சோடா வகைச் சுவை வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், வெண்ணெய் வாடை அங்கேதான் அதிகம்.

சின்னமால்டிஹைடு விஷயத்தில் மட்டும் கை இறுக்கமாக இருங்கள். மூச்சுக்குழாய் செல்களின் நுண்மயிர் அசைவை அது குறைக்கிறது என்று ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு குறைவாகப் போட்டு வேலை நடக்கிறதோ அவ்வளவு நல்லது.

தராசுமுள்

சரி, இப்போது கலக்கலாம். நாலு பாட்டில், ஒவ்வொன்றும் 10 மி.லி., 30 பி.ஜி. 70 வி.ஜி. (தாவரக் கிளிசரின்). அளவு 1, 2, 3, 5 சதவீதம். இந்தக் கோலாவைத் தவிர வேறு எந்தச் சுவையும் சேர்க்க வேண்டாம், இனிப்பும் வேண்டாம், நிகோடினும் வேண்டாம். நிகோடின் தொண்டையில் தருகிற கமறலும் பட்டை தருகிற கமறலும் கலந்துவிட்டால் எது எதென்று பிரிக்க முடியாது.

சொட்டு எண்ணிக் கலக்காதீர்கள். சொட்டு அளவு பாட்டிலின் மூக்குக்கு மூக்கு மாறும். எடை போட்டுக் கலந்தால்தான் அடுத்த மாதமும் அதே சுவை வரும். 3 சதவீத பாட்டிலுக்குக் கணக்கு இது: கான்சன்ட்ரேட் 0.31 கிராம், பி.ஜி. 2.80 கிராம், வி.ஜி. 8.82 கிராம். வி.ஜி. மி.லி.க்கு 1.26 கிராம் என்பதால் அது மட்டும் கூடத் தெரியும். மற்ற மூன்றுக்கும் கான்சன்ட்ரேட் 0.10, 0.21, 0.52. அது கூடுகிற அளவுக்கு பி.ஜி.யைக் குறையுங்கள், வி.ஜி.யைத் தொடாதீர்கள். 1 சதவீதத்தில் தராசு ஒரு எண் தவறினாலே பத்தில் ஒரு பங்கு மாறிவிடும், அதனால் அதை மட்டும் 20 மி.லி.யாகக் கலந்தாலும் தப்பில்லை.

பாட்டிலின் அடியில் மட்டும் எண் எழுதுங்கள், பக்கத்தில் எழுத வேண்டாம். வீட்டில் யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். எது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு இழுத்தால் நாக்கு நாம் நினைத்ததையே சொல்லும்.

ஒரு உட்காரலில் இரண்டு பாட்டிலுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் காயிலில் திரவத்தை உறிஞ்சும் பஞ்சு புதிதாக இருக்கட்டும். சோடா சுவைகள் மூக்கைச் சீக்கிரம் களைப்படைய வைக்கும். மூன்றாவது பாட்டிலில் எல்லாமே சப்பென்று தெரியும், குற்றம் பாட்டில் மேல் விழும். நடுவில் தண்ணீர் குடித்து இருபது நிமிடம் விடுங்கள். முதல் நாள், நாலாம் நாள், பத்தாம் நாள், இருபத்தொன்றாம் நாள் எழுதி வையுங்கள்.

மேகமூட்டம்

எனக்கு இவ்வளவு பயம் தேவையில்லை என்று தோன்றுகிறது. நான் கோலாவை 8 சதவீதம் போட்டு மேலே இனிப்பூட்டி சேர்த்து இழுக்கிறேன், அருமையாகத்தான் இருக்கிறது. 1 சதவீதத்தில் என்ன தெரியப்போகிறது? வெறும் ஆவி.

இரவுக்காவல்

மேகமூட்டம், நீங்கள் காயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?

மேகமூட்டம்

இரண்டு நாள். சில சமயம் ஒரு நாள். கறுத்துப் போய்விடுகிறது.

இரவுக்காவல்

அதுதான் நான் சொல்ல வந்தது. அந்தக் கறுப்பில் பெரும்பகுதி இனிப்பூட்டியின் கரி. அது கருகும்போது வருகிற ஆவியைத்தான் இழுக்கிறீர்கள். கண்ணாடிக்குடுவை மேலே சுக்ரலோஸ் பற்றி எழுதியதை ஒருமுறை படியுங்கள்.

8 சதவீதம் உங்களுக்கு இதமாகத் தெரிவதற்குக் காரணம், இனிப்பூட்டி மசாலாவின் நெடியை மூடுகிறது. மூடினால் நெடி தெரியாது, ஆனால் சின்னமால்டிஹைடு உள்ளே போவது குறையாது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இழுத்தேன். இனிப்பை நிறுத்திய முதல் வாரம் எதுவுமே சுவையில்லாமல் இருந்தது, இரண்டாம் வாரத்தில் நாக்கு திரும்பிவிட்டது. இப்போது 2 சதவீதமே எனக்கு நிறைவாக இருக்கிறது. ஒரு பாட்டில் கலந்து பாருங்கள் தம்பி, என் வார்த்தைக்காக.

பஞ்சுச்சுருள்

முதல் நாளும் நாலாம் நாளும் முடிந்தன. தங்கைதான் பாட்டில்களை இடம் மாற்றி வைத்தாள். அவளுக்கு வேப் பழக்கம் இல்லை, மோந்து மட்டும் பார்த்து "இது கோலா, இது தைலம்" என்று பிரித்துவிட்டாள். அடியைத் திருப்பிப் பார்த்தால் அவள் தைலம் என்றது 5 சதவீதம்.

முதல் நாள்: 1-இல் எலுமிச்சைத் தோலின் லேசான கசப்பு மட்டும். 2-இல் உள்ளே இழுக்கும்போது எலுமிச்சை, வெளியே விடும்போது பட்டை, நடுவில் எதுவும் இல்லை. 3-இல் பட்டை முன்னால் வந்து தொண்டையைச் சுரண்டியது. 5-ஐ மூன்று இழுப்புக்கு மேல் தாங்கவில்லை.

நாலாம் நாள் 2 சதவீத பாட்டிலைத் திறந்தபோது ஒரு கணம் அசந்துவிட்டேன். எலுமிச்சையும் பட்டையும் தனித்தனியாக நிற்காமல் ஒன்றுக்குள் ஒன்று போய், பின்னால் வெண்ணிலாவும் கேரமலும் எழுந்து நின்றன. கோலா! 3-உம் தணிந்திருக்கிறது, ஆனால் நாக்கின் பின்பக்கம் ஒரு துவர்ப்பு விட்டுப் போகிறது.

என் ஒரே குறை, அந்த சுர்ரென்ற குத்தல் இல்லை. சோடா என்று எழுதிவிட்டு சோடாவே இல்லை. இதற்கு என்ன சேர்ப்பது? சிட்ரிக் அமிலம் சேர்க்கலாம் என்று எங்கோ படித்தேன்.

கண்ணாடிக்குடுவை

சோடாவின் குத்தல் எந்த பாட்டிலிலும் வராது. காரணத்தைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

குமிழி வெடித்து நாக்கைக் குத்துகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் வேலை செய்வது அமிலம். நாக்கில் புளிப்பை உணரும் செல்களின் மேல் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இருக்கிறது. கரைந்த கார்பன் டை ஆக்சைடை அது அமிலமாக மாற்றுகிறது, அந்தச் செல்கள் அதைப் பிடிக்கின்றன. 2009-இல் வெளியான ஆய்வு அது. கூடவே வலியை உணரும் நரம்புகளும் சிலிர்க்கின்றன. குமிழியே உருவாக முடியாத அழுத்த அறையில் மனிதர்களைச் சோடா குடிக்க வைத்தும் பார்த்திருக்கிறார்கள், குத்தல் அப்படியே இருந்தது. மலையேறுகிறவர்கள் உயர நோய்க்கு அசிட்டசோலமைடு மாத்திரை போட்டுக்கொண்டால் பீரும் சோடாவும் சப்பென்று ஆகிவிடுவதும் இதனால்தான். அந்த மாத்திரை இந்த நொதியைத்தான் அடக்குகிறது.

ஆக, கரைந்த கேஸ் இல்லாமல் அந்த உணர்ச்சி இல்லை. கான்சன்ட்ரேட் பாட்டிலில் கேஸ் கிடையாது. பாட்டிலில் "சோடா", "ஃபிஸ்" என்று எழுதியிருந்தால் எலுமிச்சையைக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிட்ரிக் அமிலம் வேண்டாம். சூட்டில் அது சிதைந்து, மூச்சுக்குழாயை எரிக்கிற அன்ஹைட்ரைடுகளைத் தரும். நிகோடின் சேர்க்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அமிலம் நிகோடினை உப்பு வடிவத்துக்குத் தள்ளும், தொண்டைக் கமறல் குறையும். குத்தல் வேண்டும் என்று சேர்த்த அமிலம் இருக்கிற குத்தலையும் எடுத்துவிடும்.

இரவுக்காவல்

குளிர்ச்சியைக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். டபிள்யூ.எஸ்.-23 என்ற குளிர்ச்சிப் பொருள், 30 சதவீதக் கரைசல் என்றால் 0.3 சதவீதம் போதும். குளிர்கிறது என்று தெரியவே கூடாது. தெரிந்தால் மிட்டாய் ஆகிவிடும். நாக்கு குளிர்ச்சியையும் எலுமிச்சையையும் சேர்த்து வாங்கும்போது சோடா ஞாபகம் தானாக வரும். அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

பஞ்சுச்சுருள்

இருபத்தொன்றாம் நாள் முடிந்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும், எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பத்தாம் நாளில் எலுமிச்சை இறங்க ஆரம்பித்தது. இருபத்தொன்றில் எல்லா பாட்டிலிலும் அது போய்விட்டது. மிஞ்சியது வெண்ணிலா, கேரமல், அடியில் பட்டை. நிறமும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. 2 சதவீதம் மோசமில்லை, ஆனால் கோலா இல்லை, நான் முதல் பதிவில் எழுதிய கேஸ் போன சோடாவேதான். 5 சதவீதம் மூன்று வாரம் ஊறிய பிறகும் மருந்தாகவே இருந்தது. அதைக் கொட்டிவிட்டேன்.

கண்ணாடிக்குடுவை

எதிர்பார்த்ததுதான். லிமோனினும் சிட்ராலும் நிலையில்லாதவை. திறக்கிறபோதெல்லாம் கொஞ்சம் பறக்கும், மிச்சம் காற்றோடு சேர்ந்து மாறும். இன்னொரு பக்கம் சிட்ரால், வெண்ணிலின், சின்னமால்டிஹைடு மாதிரியான ஆல்டிஹைடுகள் பி.ஜி.யோடு வினைபுரிந்து அசிட்டால் என்ற வேறு சேர்மங்களாக மாறும். நாலாம் நாளில் பட்டையின் முனை மழுங்கியதில் அதற்கும் பங்கு இருக்கலாம். மழுங்கிவிட்டது என்றால் தீங்கு போய்விட்டது என்று அர்த்தமில்லை, அசிட்டால்களும் எரிச்சல் தருபவைதான். "நிறைய நாள் ஊறினால் நிறையச் சுவை" என்பது கஸ்டர்டுக்கு ஒத்துவரும், சோடாவுக்கு ஒத்துவராது.

தராசுமுள்

இப்போது உங்கள் பாட்டிலைப் பற்றி உங்களுக்கே எல்லாம் தெரியும். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அதன் காலம், 2 முதல் 3 சதவீதத்துக்குள் அதன் இடம். இனி நிறையக் கலந்து வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்குத் தேவையானது மட்டும், வெயில் படாத இடத்தில், பாட்டில் முழுக்க நிரப்பி. பாதி பாட்டில் காற்று இருந்தால் எலுமிச்சை இன்னும் சீக்கிரம் போகும். பச்சை எலுமிச்சைச் சுவை தனியாக இருந்தால் அரை சதவீதம் சேர்த்துப் பாருங்கள். அதையும் முதலில் தனியாகச் சோதித்துவிட்டு.

மேகமூட்டம்

இரவுக்காவல் அண்ணா, இனிப்பை நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது. முதல் நாலு நாள் எரிச்சலாக இருந்தது உண்மை. இன்று 3 சதவீதத்தில் கோலா தெரிகிறது. காயில் இன்னும் மாற்றவில்லை, பஞ்சு பழுப்புதான், கறுக்கவில்லை.

பஞ்சுச்சுருள்

கடைசியாக நின்ற கலவை: கோலா 2.3, பச்சை எலுமிச்சை 0.5, டபிள்யூ.எஸ்.-23 கரைசல் 0.3 சதவீதம். இனிப்பு இல்லை, அமிலம் இல்லை. மூன்றாம் நாள் கண்ணாடி டேங்கில் ஊற்றி இழுத்தேன். உள்ளே போகும்போது எலுமிச்சையின் பச்சை வாசம், ஒரு நொடி குளிர், அப்புறம் மெதுவாக அந்தப் பட்டையும் கேரமலும். சுர்ரென்று குத்தவில்லை, இனி அதை எதிர்பார்க்கவும் மாட்டேன். ஆனால் டின்னைத் திறந்ததும் வருகிற அந்த முதல் வாசம் இருக்கிறதே, அது இருக்கிறது.

கான்சன்ட்ரேட் நல்லதுதான். 30 மி.லி. பாட்டிலில் 22 மி.லி.க்கு மேல் மிச்சம் இருக்கிறது, இந்த அளவில் வாரம் 10 மி.லி. கலந்தால் ஒரு வருடத்துக்கும் மேல் வரும். அதற்குள் அதிலேயே எலுமிச்சை இறங்கிவிடுமோ என்று யோசனை, அதனால் சின்னச் சின்ன கண்ணாடி பாட்டில்களில் விளிம்பு வரை நிரப்பிப் பிரித்து வைத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, பூட்டுள்ள அலமாரியில், நிகோடின் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.